நீ இப்ப எங்க நிக்கிற?

முதலில் இரண்டே எழுத்து. எந்தக் கம்பியூட்டரின் முன் உட்கார்ந்தாலும் அமராவதி வலது கை ஆள்காட்டி விரலால் சீ, டீ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டி, கடைசியில் என்டர் பொத்தானை ஓங்கி ஒரு குத்துக் குத்துவாள். தன் வட்டுக்குள் எந்த அறையில், அதாவது எந்த டைரக்டரியில், நிற்கிறோம் என்பதைக் கம்பியூட்டர் ஒரு வரியில் சொல்லும். அதைப் படித்து முடிக்கும்வரை வேறு எதையும் தொடமாட்டாள். "நீ இப்ப எங்க நிக்கிற? அத மொதல்ல சொல்லு. அப்புறம் பேசுவோம்" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்பாள். ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவர், தன்னைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, "இங்கதாம்மா, கதவுகிட்ட" என்று பதில் சொல்லிவிட்டார். அமராவதி திரும்பியும் பார்க்கவில்லை.

கோல சிலாங்கூர் பட்டணத்தில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது அந்தத் தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகம். வடக்கே சபாக் பெர்ணம் பக்கத்திலிருந்து தெற்கே ஈஜோக் வரை பதினொரு தோட்டங்கள் அதற்குக் கீழே வருகின்றன. அலுவலகத்தில் குளிர்சாதனம் உள்ள ஒரே அறை கம்பியூட்டர் அறைதான். மதிய வெயிலில் அந்த அறையில் வந்து நின்று பசியாற நினைக்கிறவர்களுக்காகக் கதவில் நான்கு மொழியிலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறாள். மூன்று மொழியில் 'உணவுக்கு அனுமதி இல்லை' என்று இருக்கும். தமிழில் மட்டும் 'இது கோப்பிக்கடை அல்ல' என்று இருக்கும்.

வயது முப்பத்தாறு. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எழுபத்தொன்பதில் தட்டெழுத்தராக இங்கே சேர்ந்தாள். எண்பத்தைந்தில் கம்பியூட்டர் வந்து இறங்கியபோது ஆண்கள் எல்லாரும் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போனால் யார் தலையில் விழும் என்று யோசித்து ஒதுங்கிக்கொண்டார்கள். அமராவதியை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் அவள் கேட்ட கேள்விகளில் பயிற்சி கொடுத்தவர் கடைசி நாள் அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டாராம்.

சட்டென்று கோபம் வரும் பெண். ஆனால் கண்டதற்கெல்லாம் வராது. பஸ் நிற்காமல் போனால் வராது. கணவர் கார்த்திகேசு ஐஸ் தொழிற்சாலையிலிருந்து ஈரக் காலோடு வீட்டுக்குள் வந்தால் வராது. ஒருவருடைய பெயரைத் தப்பாக எழுதினால் வரும். கோலாலம்பூரில் எழுதிய நிரல் ஒன்று பெயருக்கு இருபது எழுத்து இடம்தான் கொடுத்திருந்தது. அப்பா பெயரையும் சேர்த்தால் தோட்டத்துத் தமிழர் பாதிப் பேருடைய பெயர் நடுவில் அறுந்து நின்றது. "பேர வெட்டறதுக்கு இவங்க யாரு? இருபது எழுத்துக்குள்ள அடங்குற மாதிரி புள்ள பெத்துக்கணுமா?" என்று கேட்டுக் கேட்டே நாற்பது எழுத்தாக மாற்ற வைத்தாள். அந்த நாற்பதிலும் இரண்டு எழுத்து இடிக்கிறவர் ஒருவர் செகிஞ்சான் பக்கம் இருக்கிறார். அவர் விஷயம் இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது.

அவள் வேலை என்னவென்றால், தலைமை அலுவலகத்தில் எழுதப்படும் நிரல் ஒரே ஒரு டிஸ்கெட்டாக அவளிடம் வந்து சேரும். அதைப் பதினொரு தோட்டத்துக்கும் படியெடுத்து, பெயர் ஒட்டி, மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, லோரிக்காரரிடமோ தோட்டத்திலிருந்து வருகிறவரிடமோ கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்து அது ஓடவும் வேண்டும். பதினொரு தோட்டத்துக் கம்பியூட்டரும் பதினொரு விதம். ஏழில் ஹார்ட் டிஸ்க் என்ற உள்வட்டு உண்டு. நான்கில் உள்வட்டே கிடையாது. டிஸ்கெட் நுழைக்கும் வாய் இரண்டு மட்டும் உண்டு. எழுதுகிறவன் கண்ணில் இருப்பது அவன் மேசையில் இருக்கும் ஒரே ஒரு கம்பியூட்டர். மற்றப் பதினொன்றும் அமராவதியின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது அவளுக்கு எண்பத்தேழாம் ஆண்டு ஜூன் மாதம் தெரிந்தது. அதுவரை அவளும் இரண்டெழுத்தைத் தட்டாமல்தான் வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து மருந்தகங்களுக்கென்று அழகேசன் என்பவன் ஒரு நிரல் எழுதியிருந்தான். இருபத்தெட்டு வயது, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், தலைமை அலுவலகத்துக் கம்பியூட்டர் பிரிவில் அவன் வைத்ததுதான் சட்டம். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும் பட்டியலில் ஏற்றி வைக்கும் நிரல் அது. முதலில் வந்தபோது, பட்டியல் இருக்கும் இடத்தை அதில் முழு விலாசமாக எழுதியிருந்தான்: உள்வட்டு, அதில் இன்ன அறை, அதில் இன்ன பெயர். உள்வட்டே இல்லாத நான்கு தோட்டத்தில் அது வாயைத் திறக்கவில்லை. அமராவதி போன் செய்தாள். ஒரே வாரத்தில் புது டிஸ்கெட் வந்தது. விலாசத்தை முழுக்கத் தூக்கிவிட்டுப் பட்டியலின் பெயரை மட்டும் வைத்திருந்தான். "இனிமே எங்க தூக்கி வச்சாலும் ஓடும், மிஸிஸ் கார்த்திகேசு" என்றான்.

ஓடியது. எங்கே வைத்தாலும் ஓடியது. அதுதான் கோளாறே.

ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஈஜோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் அவள் மேசைக்கு வந்தது. மருந்தகத்தில் பெயர் ஏற்றும் இராஜம்மா என்ற பெண் தமிழில், கோடு போட்ட தாளில் எழுதியது. அதை ஆங்கிலத்தில் தட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி மேலே ஒரு குறிப்பு. 'நான் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏற்றிய 214 பிள்ளைகளின் ஊசி விவரம் என் கவனக்குறைவால் அழிந்துபோய்விட்டது. எந்தப் பொத்தானை அமுக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஐயா அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.'

மாவட்டச் சுகாதாரக் குழு அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது பட்டியலில் ஒன்பது பெயர்தான் இருந்ததாம். பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு ஊசி போட்டதாக எப்படி எடுத்துக்கொள்வது? அன்றே பதினேழு பிள்ளைகளுக்கு மறுபடியும் ஊசி போட்டார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை என்று தாதி சொன்னாலும், அலறிய பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் மருந்தக வாசலில் நின்று இராஜம்மாவைப் பேசாத பேச்சில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கழித்துப் போடுவதாக ஏற்பாடு. இராஜம்மாவுக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மறுபடியும் வெளிக்காட்டு வேலை.

அமராவதி கடிதத்தைத் தட்டெழுத்து யந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தாளைச் செருகினாள். 'எந்தப் பொத்தானை அமுக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை' என்ற வரிக்கு வந்ததும் கை நின்றது. அந்த நிரலில் எல்லாப் பெயரையும் ஒரே அடியாக அழிக்கும் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு பெயராகத்தான் அழிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமா?' என்று இரண்டு தடவை கேட்கும். இருநூற்றுப் பதினான்கு பெயர் அழிய வேண்டுமென்றால் இராஜம்மா நானூற்று இருபத்தெட்டுத் தடவை 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

செருகிய தாளை உருவிப் போட்டுவிட்டுக் குடையை எடுத்தாள். வட்டார அலுவலகத்துத் தலைமை எழுத்தர், பெரிய கிராணி சுப்பிரமணியம், சண்டை என்றாலே ஒதுங்கி நடக்கிற மனிதர், பதறிப்போய்க் கேட்டார். "ஒரு லெட்டர டைப் பண்ணச் சொன்னா பஸ் ஏறப் போறியேம்மா?"

"ஒரு பொண்ணு செய்யாத தப்ப செஞ்சேன்னு எழுதிக் கொடுத்திருக்கா, சார். அத நான் இங்கிலீஷ்ல வேற எழுதணுமா?"

தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது பதினோரு மணி. அலுவலகத்தை ஒட்டியே மருந்தகம். வெளியே பெஞ்சியில் இராஜம்மா உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. ஐந்து ஆண்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவள். எழுத்து நன்றாக இருக்கிறதென்று மருந்தகத்துக்கு எடுத்திருந்தார்கள். சுகாதாரக் குழு வந்துபோன நாளிலிருந்து கம்பியூட்டரைத் தொடக்கூடாது என்று உத்தரவு. ஊசிகளைக் கொதிக்கவைத்துக் கொடுப்பது மட்டும் வேலை.

"என்ன நடந்திச்சி? மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள் அமராவதி.

"மே மாசம் ஒரு நாளு காலையில தொறந்தேன்க்கா. ஒரு பேருகூட இல்ல. வெறுமையா கெடந்திச்சி. கிராணி ஐயாகிட்ட சொன்னேன். என்னத்த அமுக்கித் தொலைச்ச, மறுபடி ஏத்துன்னாரு. பழைய நோட்டுப் புத்தகமெல்லாம் கம்பியூட்டர் வந்திருச்சின்னு கோலாலம்பூருக்கு அனுப்பியாச்சி. எதப் பாத்துக்கா ஏத்தறது? நெனப்புலேர்ந்து ஒம்போது புள்ளைங்கள ஏத்துனேன்."

"ஏன் ஒம்போதோட நிறுத்திட்ட?"

"அந்த ஒம்போது புள்ளைங்களுக்குத்தான்க்கா தேதி எனக்கு நிச்சயமா தெரியும். எங்க அண்ணன் புள்ள, எங்க லயத்துப் புள்ளைங்க. தெரியாத புள்ளைக்கு எப்படிக்கா தேதி போடறது? ஊசி விசயம் இல்லையா?"

மனதுக்கு வந்த தேதியைப் போட்டு இருநூறு பெயரையும் நிரப்பியிருந்தால் எவரும் இவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். உண்மையை மட்டும் எழுதியதற்காகத்தான் இந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எழுந்திரு. உள்ள வா."

"என்னைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா."

"நான் தொடறேன். நீ பாரு."

தோட்டத்துக் கிராணி சேது மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அவ தொட்டதாலதான் இவ்வளவும்" என்று ஆரம்பித்தார். அமராவதி கம்பியூட்டரை அணைத்து மறுபடியும் போட்டாள். அது எழுந்து நின்றதும், எங்கே நிற்கிறது என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். திரையில் வந்த வரியில் மருந்தகத்தின் பெயர் இல்லை. குலை எடையின் பெயர் இருந்தது.

"இது என்ன?"

"செம்பனைக் கொலை எடை போடறதுக்கு மே மாசம் புதுசா ஒரு புரோகிராம் வந்திச்சே. வெளி ஆளு ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போனாரு" என்றார் சேது.

அவளுக்கு முக்கால்வாசி அப்போதே புரிந்துவிட்டது. ஜனவரியில் இந்தக் கம்பியூட்டர் எழுந்ததும் மருந்தக அறையில் வந்து நிற்கும்படி வைத்திருந்தார்கள். மே மாதம் வந்த ஆள் அதை எடை அறைக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் மருந்தக நிரல் வந்து திறக்கும்படியும் நல்ல மனதோடு செய்திருக்கிறார். நிரல் வந்தது. ஆனால் அது தன் பட்டியலைத் தான் குடியிருக்கும் அறையில் தேடவில்லை. கூப்பிட்ட ஆள் நிற்கும் அறையில் தேடியது. அங்கே பட்டியல் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதே பெயரில் புதிதாக ஒரு வெற்றுப் பட்டியலை உண்டாக்கி, ஒன்றுமே நடக்காததுபோல் இராஜம்மாவின் முன் நீட்டியது.

வட்டில் உள்ள எல்லா அறையையும் எல்லாக் கோப்பையும் ஒன்றுவிடாமல் சொல்லும் கட்டளையைக் கொடுத்தாள். வரிசை வரிசையாகத் திரை ஓடியது. ஒரே பெயரில் இரண்டு. எடை அறையில் இருந்ததன் அளவு ஆயிரத்து ஐந்நூறு பைட்கூட இல்லை. மருந்தக அறையில் இருந்தது முப்பதாயிரத்துக்கும் மேல். அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டு நிரலைத் திறந்தாள்.

இருநூற்றுப் பதினான்கு.

இராஜம்மா திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பெயர்களைப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. "இது நவமணி மக. மார்ச்சு பதினொண்ணு. அன்னிக்கு மழ" என்றாள். பிறகு திரும்பி, "அப்ப நான் அழிக்கலயாக்கா?" என்று கேட்டாள்.

"நீ எதையும் அழிக்கல."

"நெசமாவா?"

"எல்லாம் வச்ச எடத்துலயே இருக்கு. நீ எதையும் அழிக்கல, ராஜம்மா."

மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் அமராவதி சொன்னாள். சேது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மேசைமேல் இருந்த போனை, கேட்காமலே அமராவதி தன் பக்கம் இழுத்தாள்.

"என் மெஷின்ல ஒரு பிராப்ளமும் இல்லையே, மிஸிஸ் கார்த்திகேசு" என்றான் அழகேசன்.

"உங்க மெஷின்ல இருக்காது, மிஸ்டர் அழகேசன். நீங்க எப்பவும் ஒரே ரூம்லயே நிக்கிறீங்க."

"யூசர் அந்த டைரக்டரிக்குள்ள போயிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணனும். இதுகூடவா சொல்லிக் கொடுக்கணும்? பேசிக்லா."

"மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நாப்பது பக்கத்துக்கும் ஸ்டென்சில் வெட்டுனது நான். எழுத்துக்கு எழுத்து தெரியும். அப்படி ஒரு வரி இல்ல. நான் சொல்றதக் கேளுங்க. கடுதாசியில விலாசம் எழுதாம 'பக்கத்து வீடு'ன்னு மட்டும் எழுதிப் போட்டா என்னா ஆகும்? தபால்காரர் எந்த எடத்துல நிக்கிறாரோ, அதுக்குப் பக்கத்து வீட்டுலதான் போட்டுட்டுப் போவாரு. மொதல்ல முழு விலாசம் எழுதினீங்க. அந்தத் தெருவே இல்லாத ஊர்ல அது நின்னுபோச்சி. சரின்னு விலாசத்தையே அழிச்சிட்டீங்க. புரோகிராம் எங்க குடியிருக்கோ அங்கேர்ந்து பாத்து விலாசம் சொல்லணும்னு உங்களுக்குத் தோணல. ஆளு எங்க நிக்கிதோ அங்கேர்ந்து பாக்குது அது."

"ஓக்கே, ஓக்கே, அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

"அடுத்த வெர்ஷன் இல்ல. அடுத்த வாரம். நீங்களே இங்க வந்து, இந்த மெஷின்ல, உங்க கையால ஓட்டிப் பாருங்க. அது வரைக்கும் ஒரு டிஸ்கெட்டும் என் வாசலத் தாண்டாது."

பஸ்ஸில் திரும்பும்போது கோபம் அவள்மீதே திரும்பியது. அந்த டிஸ்கெட்டைப் படியெடுத்தது அவள் கை. பெயர் ஒட்டியது அவள் கை. அனுப்பும் முன் ஓட்டிப் பார்க்கத்தான் செய்தாள். எங்கே நின்று பார்த்தாள்? சரியான அறையில், ஒழுங்காக நின்றுகொண்டு பார்த்தாள். அழகேசன் எப்படிப் பார்த்தானோ அப்படியேதான். தப்பான இடத்தில் நின்று ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. புக்கிட் ரோத்தான் வந்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மா, தன் கூடை இடிக்கிறதாக்கும் என்று எண்ணி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததிலிருந்து மற்றப் பத்துத் தோட்டத்துக்கும் ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். "உங்க மெஷின் காலையில எங்க எந்திரிச்சி நிக்கிது?" என்று கேட்டாள். பத்தில் மூன்றில் இதே கதை. பாகான் நக்கோடா ஓமார் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே பட்டியல் மூன்று அறையில் மூன்று துண்டாகக் கிடந்தது. அங்கிருந்த ஜூலியஸ் என்ற டிரெசர், அதாவது மருந்தக உதவியாளர், தனக்குத்தான் கண் மங்கிவிட்டதென்று எண்ணி மருத்துவரிடம் போய்க் கண்ணாடியே மாற்றியிருக்கிறார். நான்கு தோட்டத்தில் நான்கு பேர், தங்களைத் தாங்களே சந்தேகப்பட்டுக்கொண்டு வாயை மூடியிருந்திருக்கிறார்கள். ஒருவர்கூட நிரலைச் சந்தேகப்படவில்லை.

சொன்னபடி ஒரு டிஸ்கெட்டும் வாசலைத் தாண்டவில்லை. எடை நிரல், மருந்தக நிரல், எல்லாம் அலமாரியில். சுப்பிரமணியம் இரண்டு தடவை வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். "எனக்குத்தாம்மா மேலேர்ந்து போன் வருது" என்றார். "வரட்டும் சார். என்கிட்ட கொடுங்க, நான் பேசுறேன்" என்றாள். அவர் கொடுக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அழகேசன் கம்பெனிக் காரில் வந்து இறங்கினான். தோட்ட மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். சேது நின்றார். இராஜம்மா சுவரை ஒட்டி நின்றாள். அமராவதி ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. "உக்காரு. இது உன் விசயம்" என்று தோளில் கைவைத்து அழுத்திய பிறகுதான் நுனியில் உட்கார்ந்தாள்.

கம்பியூட்டரை அணைத்துப் போட்டதும் அழகேசன் நிரலின் பெயரைத் தட்டினான். எங்கே நிற்கிறோம் என்று அவனும் கேட்கவில்லை.

ஒன்பது பெயர்.

அவன் காது சிவந்தது. விரல்கள் வேகமாக ஓடின. சரியான அறைக்குள் போய்த் திறந்தான். இருநூற்றுப் பதினான்கும் வந்து நின்றன. நிமிர்ந்து சிரித்தான். "பாத்தீங்களா? டேட்டா எல்லாம் இருக்கு. நத்திங் லாஸ்ட்."

மேனேஜரும் சிரித்தார். பெரிய பாரம் இறங்கியவர்போல் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு எங்க தேடணும்னு தெரியும். நீங்க கட்டுன வீடு" என்றாள் அமராவதி. குரல் உயரவில்லை. ஆனால் அலுவலகத்தில் தட்டெழுத்துச் சத்தம் நின்றுபோனது. "இந்தப் பொண்ணு ஆறு வாரமா தான்தான் அழிச்சேன்னு நம்பிக்கிட்டிருந்திச்சி. ஊரு முழுக்க அவள ஏசியிருக்கு. பதினேழு புள்ளைங்களுக்கு ரெண்டாந்தடவ குத்தியாச்சி. இதுல ஒண்ணுமே லாஸ்ட் இல்லையா, மிஸ்டர் அழகேசன்? இதப் படியெடுத்து அனுப்புனது நான். தப்பான எடத்துல நின்னு ஓட்டிப் பாக்காம விட்டது நான். என் பங்கு எனக்குத் தெரியும். உங்க பங்கு உங்களுக்குத் தெரியணும்."

அழகேசன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர்தான் இடையில் புகுந்தார். "ஓக்கேலா, மிஸ்அண்டர்ஸ்டேண்டிங். அவங்க நாளையிலேர்ந்து மறுபடி கம்பியூட்டர் வேலையப் பாக்கட்டும். செட்டல்."

"நான் எழுதின லெட்டர்?" என்றாள் இராஜம்மா. அன்று எல்லாரும் கூடியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அது கோல சிலாங்கூர்ல இருக்கு. பைல்ல ஒரு காப்பி இருக்கும். அதுல என்ன, விடு."

"எம் பேருல அது இருக்கக்கூடாது, தொர. நான் அழிக்கல."

மேனேஜர் சேதுவைப் பார்த்தார். சேது இழுப்பறையைத் திறந்து கோப்பை எடுத்தார். அமராவதி தன் பையிலிருந்து மூலக் கடிதத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். இராஜம்மா இரண்டையும் நின்றுகொண்டே ஒரு தடவை படித்தாள். எட்டாக மடித்து மருந்தகத்துக்குள் போனாள். ஊசி கொதிக்கும் அடுப்பு அப்போது எரிந்துகொண்டிருந்தது.

நிரலைத் திருத்த ஒரு மாதம் ஆகும் என்றான் அழகேசன். அமராவதி ஒரு மாதம் காத்திருக்கவில்லை. நிரலைத் தொடாமல், அதற்கு முன்னால் ஓடும்படி ஆறு வரியில் ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு எழுதினாள். ஆள் எங்கே நின்று கூப்பிட்டாலும், முதலில் நிரல் குடியிருக்கும் அறைக்கு அது போகும். பட்டியல் அங்கே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மட்டும் திறக்கும். இல்லையென்றால் எதையும் புதிதாக உண்டாக்காமல் நின்று, மலாயிலும், ரோமன் எழுத்தில் தமிழிலும் ஒரு செய்தி சொல்லும்: 'பட்டியல் இங்கே இல்லை. எதுவும் அழியவில்லை. அமராவதிக்குப் போன் செய்யவும்.' உள்வட்டு உள்ள தோட்டத்துக்கு ஒன்று, இல்லாத தோட்டத்துக்கு ஒன்று என இரண்டு விதமாக எழுதி, ஒவ்வொன்றையும் ஏழெட்டுத் தப்பான அறையில் நின்று ஓட்டிப் பார்த்தாள். 'எதுவும் அழியவில்லை' என்ற வரியைச் சேர்க்க வேண்டியதில்லை என்று அழகேசன் போனில் சொன்னான். "அந்த ஒரு வரிக்காகத்தான் மத்த அஞ்சு வரியும்" என்று வைத்துவிட்டாள்.

டிஸ்கெட்டோடு சேர்த்து அனுப்பத் தலைமை அலுவலகத்திலிருந்து பதினொரு கடிதம் வந்தது. நல்ல தடித்த தாளில், ஆங்கிலத்தில், மேலதிகாரியின் கையெழுத்தோடு. அமராவதி முதல் கடிதத்தை எடுத்துப் படித்தாள். 'பயன்படுத்துவோரின் தவறுகளைத் தவிர்ப்பதற்காக இப்புதிய டிஸ்கெட் அனுப்பப்படுகிறது.'

இன்னொரு தடவை படித்தாள். சுப்பிரமணியம் தன் மேசையிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கீழே கோப்பி குடிக்க இறங்கிப் போனார்.

அவள் வெள்ளை மைக் குப்பியைக் குலுக்கித் திறந்தாள். 'பயன்படுத்துவோரின்' என்ற ஆங்கிலச் சொல்லின் மேல் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு. தடவினால் விரலுக்குத் தட்டுப்படும்படி கனமாகவே பூசினாள். குனிந்து, 'ஃபூ' என்று ஒரு தடவை ஊதினாள். பிறகு தாளைத் தட்டெழுத்து யந்திரத்தில் ஏற்றி, அந்த வெள்ளை இடம் சரியாக நடுவில் வந்து நிற்கும்வரை உருளையைத் திருப்பி, 'நம்முடைய' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்தை, ஒவ்வொன்றாக, ஓங்கித் தட்டினாள்.